சுரங்கம் மூடிய பிறகு ஓடையில் எதை அளக்கிறார்கள்?

சுரங்கத்தை மூடியாயிற்று. குழிகளை நிரப்பி, சரிவைச் சமன்செய்து, மேல்மண் பரப்பி, புல்லும் மரமும் நட்டாயிற்று. நாலைந்து மழைக்காலம் போனால், அங்கே ஒரு சுரங்கம் இருந்தது என்று சொன்னால்கூட நம்பமாட்டார்கள். ஆனால் அந்தச் சரிவின் அடியில் ஓடும் ஓடைக்கு மட்டும், பல ஆண்டுகள் கழித்தும், யாராவது மாதாமாதம் புட்டிகளும் மீட்டரும் எடுத்துக்கொண்டு வந்து போவார்கள்.

நிலத்தின் மேலே செய்த சீரமைப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடியில் உடைந்து கிடக்கும் பாறைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வழியில்லை. அதன் வழியாக ஊடுருவி வெளியே வரும் நீர்தான் சொல்ல வேண்டும். அந்த நீரை எப்படிக் கேட்பது, அது தரும் எண்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன். ஓர் எண்ணைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் புரியாது. எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, அப்போது ஓடையில் எவ்வளவு நீர் ஓடியது என்ற மூன்றும் கூட இருந்தால்தான் அது தகவல் ஆகும்.

பாறை உடைந்தால் என்ன ஆகும்?

நிலக்கரிப் படுகைகளிலும் பல உலோகத் தாதுக்களிலும் பைரைட் என்ற கனிமம் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பூமிக்குள் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. தோண்டி, வெடிவைத்து, துண்டு துண்டாக உடைத்துக் குவித்த பிறகு கதை மாறுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீரும் பட்டதும் பைரைட் சிதைந்து கந்தக அமிலத்தையும் கரைந்த இரும்பையும் வெளியிடும். தானாக நடந்தால் இது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் இரும்பை உண்டு வாழும் சில பாக்டீரியாக்கள் அமில நீரில் செழித்து வளர்ந்து, இந்த வினையின் முக்கியமான படி ஒன்றைப் பல லட்சம் மடங்கு வேகப்படுத்திவிடும். உருவான அமிலம் பக்கத்துப் பாறைகளைத் தின்று, அலுமினியம், மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, காட்மியம் என்று இருப்பதையெல்லாம் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வரும். இதைத்தான் அமிலச் சுரங்கநீர் என்கிறோம்.

எல்லாச் சுரங்கத்திலும் இப்படி ஆகாது. பாறையில் சுண்ணாம்புக்கல் போன்ற காரக் கனிமங்கள் போதுமான அளவு இருந்தால், அமிலம் உருவாகும் இடத்திலேயே அடங்கிவிடும். அப்போதும் சல்பேட்டும் சில உலோகங்களும் வெளியே வரத்தான் செய்யும். அதனால் அமிலம் இல்லையென்றால் பிரச்சினை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

காலதாமதம் ஒன்று இருக்கிறது. அது புரியாவிட்டால் இந்த வேலையே புரியாது. சுரங்கம் இயங்கும்போது பம்புகள் ஓயாமல் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கும். மூடியதும் பம்புகள் நிற்கும். காலியான சுரங்கப் பாதைகளில் நீர் மெல்ல ஏறும். அதுவரை காய்ந்து கிடந்த சுவர்களில் படிந்திருந்த அமில உப்புகளையெல்லாம் கரைத்துக்கொண்டு, தாழ்வான ஓரிடத்தில் வெளியே வரும். இதற்குச் சில மாதங்களும் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டு பம்புகள் நிறுத்தப்பட்டன. 1992 ஜனவரியில் உள்ளே தேங்கிய நீர் அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியேறியது. சுமார் 5 கோடி லிட்டர் அமில நீர் கார்னன் ஆற்றில் கலந்து, கீழே இருந்த கழிமுகம்வரை செம்மஞ்சளாகப் பரவியது. அமெரிக்காவின் கொலராடோவில் கோல்டு கிங் சுரங்கம் வேலை நின்றது 1923-இல். 2015 ஆகஸ்ட் 5 அன்று, மண்மூடிக் கிடந்த அதன் வாயில் ஆய்வுக்காகத் தோண்டியபோது உள்ளே அழுத்தத்தில் இருந்த நீர் பீறிட்டு, ஒரு கோடி லிட்டருக்கும் மேல் அனிமாஸ் ஆற்றுக்குப் போனது. சுரங்கம் நின்றாலும் அதன் வேதியியல் நிற்பதில்லை. கண்காணிப்பு நீண்டகாலம் தொடர வேண்டியிருப்பது அதனால்தான்.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

முதலில் எல்லோரும் பார்ப்பது பிஎச். 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பெரும்பாலான நன்னீர் உயிர்களுக்கு 6.5-க்கும் 9-க்கும் இடைப்பட்ட நீர் ஒத்துக்கொள்ளும். இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. பிஎச் 4 உள்ள நீர், பிஎச் 7 உள்ள நீரைவிட ஆயிரம் மடங்கு அமிலத்தன்மை கொண்டது. அதனால் 6.8-லிருந்து 5.8-க்கு இறங்கியதைப் பார்த்து ஒன்றுதானே குறைந்தது என்று விட்டுவிட முடியாது. கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்துக்குள் பூஜ்ஜியத்துக்கும் கீழே, மைனஸ் 3.6 வரை பிஎச் பதிவாகியிருக்கிறது. இயற்கைச் சூழலில் அளந்ததில் இவ்வளவு அமிலமான நீர் வேறெங்கும் அறியப்பட்டதில்லை.

பிஎச்சை மட்டும் நம்பினால் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். சரிவின் அடியில் ஓர் ஊற்று. நிலத்தடியிலிருந்து அப்போதுதான் வெளியே வருகிறது. நீர் தெளிவாக இருக்கிறது. மீட்டரை வைத்தால் பிஎச் 6.2. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அதில் கரைந்த இரும்பு நிறைய இருக்கலாம். உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் அது நிறமில்லாமல் ஒளிந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து, துருநிறச் சேறாகப் பிரிந்து கீழே படியும். அப்படிப் படியும் வினையே அமிலத்தை வெளியிடும். சில நூறு மீட்டர் போனபின் அதே நீர் பிஎச் 4-க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். ஊற்றில் பிடித்த புட்டியை அப்படியே ஓரிரண்டு நாள் வைத்திருந்தாலும் அடியில் செம்மஞ்சள் படிவதையும் பிஎச் இறங்குவதையும் பார்க்கலாம்.

பிஎச் இப்படி இறங்குவதைத் தடுப்பது நீரின் காரத்தன்மை. அதை நீரின் கையிருப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்: அமிலம் என்ற செலவு வரும்போது எடுத்துக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று அது சொல்லும். அறிக்கையில் காரத்தன்மை, அமிலத்தன்மை இரண்டும் தனித்தனியாக, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்ற கணக்கில் இருக்கும். காரத்தன்மை அதிகமாக இருந்தால், இரும்பெல்லாம் படிந்து முடிந்த பிறகும் நீர் தாக்குப்பிடிக்கும். அமிலத்தன்மை அதிகமென்றால், இன்று பிஎச் நன்றாக இருந்தாலும் நாளை விழும்.

அடுத்தது மின்கடத்துத்திறன். நீரில் உப்புகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்பதை இந்த ஒரு மீட்டர் சில வினாடிகளில் காட்டிவிடும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது, ஆனால் ஏதோ மாறியிருக்கிறது என்பதை முதலில் சொல்வது இதுதான். நடு அப்பலாச்சிய மலைகளின் ஓடைகளுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமென்ஸைத் தாண்டினால் நீர்ப்பூச்சி இனங்களில் குறிப்பிடத்தக்க பகுதி காணாமல் போகத் தொடங்கும் என்றது அது. அங்கே பல ஓடைகளில் பிஎச் நன்றாகவே இருந்தது. உப்புதான் பூச்சிகளை விரட்டியது. இந்த 300 என்ற எண் அந்த மலைகளுக்கு, அந்த உப்புக் கலவைக்கு உரியது. அதை வேறெங்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

எனக்கு மிகவும் பயன்படுவது சல்பேட். பைரைட் சிதைந்தால் சல்பேட் வந்தே தீரும். சுண்ணாம்பு போட்டு அமிலத்தை அடக்கலாம், இரும்பைப் படியவைக்கலாம். சல்பேட் அவ்வளவு எளிதில் போகாது, நீரோடு நெடுந்தூரம் வரும். சுரங்க நீர் கலந்ததற்கான அடையாளம் வேறு எல்லாம் மறைந்த இடத்திலும் சல்பேட் காட்டிக்கொடுக்கும். ஓடையில் பிஎச் மாறாமல் சல்பேட் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனால், உள்ளே பைரைட் சிதைந்துகொண்டிருக்கிறது, பாறையின் கையிருப்பு கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். ஓடை கெடுவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை அது.

உலோகங்களில் இரும்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். கற்களின் மேல் செம்மஞ்சள் மேலோடு படியும். அலுமினியம், பிஎச் 5-ஐ ஒட்டி ஏறும்போது வெள்ளை நுரைபோலப் பிரியும். அமில நீரும் நல்ல நீரும் கலக்கும் இடத்தில் இது நடக்கும். மீன்களின் செவுள்களில் படிந்து மூச்சை அடைப்பதால் அந்தக் கலப்பிடமே அமில ஊற்றைவிட மீனுக்குக் கொடியதாக இருக்கலாம். மாங்கனீசு பிடிவாதக்காரன், பிஎச் 9-ஐ நெருங்கினால்தான் ஒழுங்காகப் படியும். துத்தநாகம், செம்பு, காட்மியம் மூன்றும் கண்ணுக்குத் தெரியாது. மிகக் குறைந்த அளவிலேயே நீர்வாழ் உயிர்களைப் பாதிக்கும். கடினநீரில் இவற்றின் நச்சு சற்றுக் குறையும், மென்னீரில் கூடும். எனவே உலோகத்தோடு நீரின் கடினத்தன்மையையும் அளக்காத அறிக்கை பாதி அறிக்கைதான்.

செலினியம் தனி ரகம். கடத்துத்திறன் மீட்டர் அதைக் காட்டாது, பிஎச் நடுநிலையாக இருந்தாலும் அது கரைந்து வரும். பாசியில் சேர்ந்து, பூச்சிக்குப் போய், மீனுக்குப் போய், முட்டையில் தங்கி, பிறக்கும் குஞ்சுகளை ஊனமாக்கும். ஆகவே நீரை மட்டும் சோதித்தால் போதாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2016-இல் வெளியிட்ட செலினிய வரம்பு, நீரில் உள்ள அளவைவிட மீனின் முட்டையிலும் உடலிலும் உள்ள அளவுக்கே முதலிடம் தருகிறது.

கலங்கலும் நைட்ரேட்டும் பட்டியலில் உண்டு. முன்னது புதிதாகப் பரப்பிய மண் அரிக்கிறதா என்று சொல்லும், பின்னது பெரும்பாலும் வெடிமருந்தின் மிச்சம். செடிகள் வேர்பிடிக்கப் பிடிக்க, மிச்சம் கழுவிப்போகப் போக இரண்டும் இறங்க வேண்டும்.

எங்கே புட்டியை நனைப்பது?

குறைந்தது மூன்று இடம் வேண்டும். சுரங்கப் பகுதிக்கு மேலே ஒன்று, சுரங்க நீர் வெளியேறும் ஊற்று அல்லது குழாய் வாயில் ஒன்று, இரண்டும் நன்றாகக் கலந்த பிறகு கீழே ஒன்று. மேலே எடுக்கும் மாதிரி இல்லாவிட்டால் கீழே எடுப்பதற்கு மதிப்பே இல்லை. சில மலைகளின் பாறையிலேயே உலோகம் அதிகம். சுரங்கம் வருவதற்கு முன்பே ஓடை அப்படித்தான் இருந்திருக்கும். சுரங்கம் தொடங்கும் முன் எடுத்த அளவுகள் கையில் இருந்தால் பெரும் கொடுப்பினை. பழைய சுரங்கங்களில் அது அநேகமாக இருக்காது. அப்போது பக்கத்திலேயே, அதே வகைப் பாறையில் ஓடும், சுரங்கம் தொடாத ஓர் ஓடையை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

கலந்த பிறகு என்றேனே, அதைக் கவனிக்க வேண்டும். கிளையோடை சேர்ந்த இடத்திலிருந்து வெகுதூரம்வரை இரண்டு நீரும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, கலக்காமலே ஓடும். மீட்டரை இடக்கரையிலும் நடுவிலும் வலக்கரையிலும் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் அங்கே மாதிரி எடுக்கலாம். இல்லையென்றால் இன்னும் கீழே நடக்க வேண்டியதுதான்.

நீரோட்டத்தை அளக்காமல் திரும்பாதீர்கள்

செறிவு என்பது ஒரு லிட்டரில் எவ்வளவு என்பது. சுமை என்பது ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு போகிறது என்பது. கோடையில் ஓடையில் வினாடிக்கு 10 லிட்டர் ஓடுகிறது, சல்பேட் லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் நாளொன்றுக்குச் சுமார் 518 கிலோ. மழைக்காலத்தில் ஓட்டம் வினாடிக்கு 100 லிட்டர், சல்பேட் 150 மில்லிகிராம். அறிக்கையை மேலோட்டமாகப் பார்த்தால், அடடா, நான்கில் ஒன்றாகக் குறைந்துவிட்டதே என்று தோன்றும். பெருக்கிப் பார்த்தால் 1,296 கிலோ. இரண்டரை மடங்கு கூடியிருக்கிறது. ஓட்டத்தை அளக்காதவருக்கு இது தெரியவே தெரியாது. நீர் சுத்தமாகிறது என்று அறிக்கை எழுதிவிடுவார்.

ஓட்டத்தை அளக்க விலையுயர்ந்த கருவி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நேராக ஓடும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அகலம் 1 மீட்டர், சராசரி ஆழம் 10 சென்டிமீட்டர். ஒரு சிறு மரத்துண்டை மிதக்கவிட்டால் 5 மீட்டரை 20 வினாடியில் கடக்கிறது. வேகம் வினாடிக்கு கால் மீட்டர். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டால் வினாடிக்குச் சுமார் 21 லிட்டர். துல்லியம் போதாதுதான், ஆனால் ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். நிரந்தரமாக அளக்கும் ஊற்றுக்கு, நடுவில் ஆங்கில வி வடிவத்தில் வெட்டிய தடுப்புப் பலகையைக் குறுக்கே வைப்பார்கள். வெட்டில் நீர் நிற்கும் உயரத்தைப் பார்த்தே ஓட்டத்தைச் சொல்லிவிடலாம்.

எப்போது என்பதும் சும்மா இல்லை. வறண்ட மாதங்களில் கழிவுப் பாறையின் மேல் சல்பேட் உப்புகள் வெள்ளையாக, மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதன்பின் வரும் முதல் பெருமழை அவற்றை ஒரே மூச்சில் ஓடைக்குள் தள்ளும். சில மணிநேரம் மட்டும் நீடிக்கும் அந்த ஏற்றத்தை மாதம் ஒருமுறை போகிறவர் தவறவிட்டுவிடுவார். அதனால்தான் தானாகப் பதிவுசெய்யும் கடத்துத்திறன் கருவியை ஓடையிலேயே பொருத்திவைக்கிறார்கள். அப்புறம், ஒரே நாளுக்குள்ளும் எண் மாறும். துத்தநாகம் பல ஓடைகளில் விடியலுக்கு முன் உச்சத்திலும் பிற்பகலில் அடிமட்டத்திலும் இருக்கும். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்வதால் பிஎச் ஏறும், நீரும் சூடாகும், துத்தநாகம் கற்களிலும் பாசியிலும் ஒட்டிக்கொள்ளும். இரவில் திரும்ப விடுபடும். சில ஓடைகளில் இந்த ஏற்ற இறக்கம் இரண்டு மூன்று மடங்குவரை போகும். சென்ற மாதம் காலையில் எடுத்துவிட்டு இந்த மாதம் மாலையில் எடுத்தால், துத்தநாகம் குறைந்துவிட்டது என்ற பொய்ச் செய்தி கிடைக்கும். ஒரே நேரத்தில் போங்கள்.

ஒரு மாதிரி எடுப்பது எப்படி?

ஓடைக்குப் போகும் முன் பிஎச் மீட்டரை 4, 7, 10 என்ற தரக் கரைசல்களில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். இறங்கும்போது கீழிருந்து மேலாகப் போக வேண்டும், கால் கலக்கிய சேறு புட்டிக்குள் வந்துவிடக் கூடாது. நீரோட்டத்தைப் பார்த்து நின்று, கைக்கு முன்னால் புட்டியைப் பிடிக்க வேண்டும். பிஎச், வெப்பநிலை, கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன் நான்கையும் அங்கேயே அளந்துவிட வேண்டும். ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்போது அவை மாறிவிடும்.

உலோகத்துக்கு இரண்டு புட்டி. ஒன்று அப்படியே எடுத்த நீர், மண் துகளில் ஒட்டியிருப்பதையும் சேர்த்து மொத்த உலோகத்தைக் காட்டும். மற்றொன்று 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டி வழியாக அங்கேயே வடித்த நீர், கரைந்த உலோகத்தைக் காட்டும். உயிர்களைப் பெரும்பாலும் பாதிப்பது கரைந்த பங்குதான். இரண்டிலும் தூய நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வரிசை முக்கியம்: முதலில் வடிகட்டல், பிறகு அமிலம். மாற்றிச் செய்தால் துகளில் இருந்ததெல்லாம் கரைந்து, கரைந்த உலோகம் என்ற பெயரில் கணக்கில் ஏறிவிடும். காரத்தன்மைக்கான புட்டியில் அமிலமே விடக்கூடாது. காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, பனிக்கட்டியில் வைத்து, 14 நாளுக்குள் சோதித்துவிட வேண்டும்.

இவற்றோடு, தூய நீரை அதே வடிகட்டி, அதே அமிலம், அதே புட்டி என்று எல்லாப் படிகளிலும் செலுத்தி ஒரு வெற்று மாதிரியும் அனுப்ப வேண்டும். அதில் துத்தநாகம் வந்தால் அது ஓடையுடையது இல்லை, உங்கள் பையிலிருந்து வந்தது. ஓரிடத்தில் இரட்டை மாதிரியும் எடுக்க வேண்டும். இவை இல்லாத அறிக்கையை நான் நம்பமாட்டேன். இன்னொன்று, ஊற்று சுரங்க வாயிலிலிருந்தே வந்தாலும் உள்ளே நுழையக் கூடாது. பழைய சுரங்கங்களில் ஆக்சிஜன் இல்லாத காற்று தேங்கியிருக்கும், அது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது.

கல்லைப் புரட்டினால் தெரிவது

புட்டி அந்த ஒரு நிமிடத்தைச் சொல்கிறது. ஓடையடிக் கல்லின் கீழே ஒட்டி வாழும் பூச்சிகள் கடந்த பல மாதங்களைச் சொல்கின்றன. நடுவில் ஒரே ஒருநாள் நச்சுநீர் வந்து போயிருந்தாலும் அவை அதைத் தாங்கியிருக்க வேண்டுமே. ஓடுநீரில் வலையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலே உள்ள கற்களைக் காலால் கிளறினால் பூச்சிகள் வலைக்கு வரும். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை ஆகிய மூன்று கூட்டங்களின் இளம்பருவங்களைத்தான் முதலில் எண்ணுவார்கள். மேஃப்ளையின் இளசு வயிற்றின் இருபக்கமும் இலைபோன்ற செவுள்களை அசைத்துக்கொண்டிருக்கும், வாலில் பெரும்பாலும் மூன்று இழைகள். உப்பு கூடினால் முதலில் காணாமல் போவது இதில் பல இனங்கள்தான். மேலோடையில் மூன்று கூட்டமும் இருந்து, கீழோடையில் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால், ஆய்வக அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே ஏதோ நடக்கிறது.

அறிக்கை கைக்கு வந்தபின்

கண்டறியப்படவில்லை என்று எழுதியிருந்தால் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆய்வகத்தால் எந்த அளவுக்குக் கீழே பார்க்க முடியாது என்று கேளுங்கள். காட்மியம் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழேயே மென்னீர் ஓடையின் உயிர்களைப் பாதிக்கும். 5 மைக்ரோகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத முறையில் சோதித்துவிட்டு, இல்லை என்று சொல்வதில் பயனில்லை. அடுத்து, ஒரே பருவத்தை ஒரே பருவத்தோடு ஒப்பிடுங்கள்: இந்தக் கோடையைச் சென்ற கோடையோடு. மூன்று நான்கு ஆண்டுகளாவது எண்கள் சேர்ந்தால்தான் போக்கு என்று எதையாவது சொல்ல முடியும்.

பணம் குறைவாக இருக்கும் இடத்தில் என் யோசனை இது. நாற்பது உலோகங்களை ஒரே ஒருமுறை சோதிப்பதைவிட, ஓட்டம், பிஎச், கடத்துத்திறன், சல்பேட் நான்கையும் பல ஆண்டுகள் விடாமல் அளப்பது மேல். முழு உலோகப் பட்டியலை ஆண்டுக்கு இருமுறை, கோடை அடிமட்டத்தில் ஒன்றும் முதல் பெருமழையில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளலாம். செலினியம் உள்ள பாறையென்றால் அதை மட்டும் மாதப் பட்டியலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

எத்தனை ஆண்டு என்ற கேள்வி கடைசியில் வரும். அமெரிக்காவில் 1977-இல் வந்த மேற்பரப்பு நிலக்கரிச் சுரங்கச் சட்டம், நட்ட செடிகள் நிலைத்தனவா என்று பார்க்கும் பொறுப்புக்காலத்தைக் குறைந்தது 5 ஆண்டு என்றும், மழை குறைந்த பகுதிகளில் 10 ஆண்டு என்றும் வைத்திருக்கிறது. செடிகளுக்கு அது சரி. நீர் அந்தக் கணக்கில் நடப்பதில்லை. அயர்ன் மவுண்டனில் 1963-இல் சுரங்கவேலை நின்றது. அங்கே வெளிவரும் நீருக்கு இன்றும் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மிஞ்சியிருக்கும் பைரைட்டைக் கணக்கிட்டவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு அமிலம் வரும் என்கிறார்கள். நல்ல பாறையில் அமைந்த சுரங்கங்களில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. நிலத்தடி நீர் ஏறி நின்று, ஊற்றின் சுமை ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, கீழோடையின் பூச்சிகள் மேலோடையை ஒத்துவந்தால் அளவீட்டைக் குறைக்கலாம். முதலில் உலோகப் பட்டியலைச் சுருக்குங்கள், அப்புறம் மாதம் ஒருமுறையைப் பருவத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள். ஊற்று வாயில் உள்ள தானியங்கிக் கருவியையும் தடுப்புப் பலகையையும் மட்டும் கடைசிவரை எடுக்காதீர்கள். உள்ளே எதுவும் மாறினால் ஓடைக்கு முன்பே அங்கேதான் தெரியும்.